கையொப்பத்துக்கு முன் பார்க்கும் உரிமை: ஊவாத் தோட்டக் கம்பனிகளும் வெளிப் பணிப்பாளர்களும்

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெருந்தோட்டக் கம்பனி ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், பணிப்பாளர் சபையின் அறிக்கையில் வழக்கமான ஓர் உறுதிமொழி கண்ணில் படும். அரசாங்கத்துக்கும் ஊழியருக்கும் சட்டப்படி சேர வேண்டிய கொடுப்பனவுகள் யாவும் தாங்கள் அறிந்தவரையில் செலுத்தப்பட்டுள்ளன, அல்லது கணக்கில் அவற்றுக்கு ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது என்று பணிப்பாளர்கள் அதில் சொல்கிறார்கள். கணக்காளருக்கு இது ஆண்டுதோறும் அச்சாகும் ஒரு வரி. பசறையிலோ லுணுகலையிலோ முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெறும் ஒரு பெண்ணுக்கு, சேமலாப நிதிப் பணம் வங்கிக்கு வந்ததா, கம்பனிப் புத்தகத்தில் ஒதுக்கீடாக மட்டும் நிற்கிறதா என்பது பிழைப்புப் பிரச்சினை.

அந்த உறுதிமொழி முழுச் சபையின் பெயரிலும் வெளியாகிறது. கம்பனியை அன்றாடம் நடத்துபவர்களோடு, வெளியிலிருந்து அழைக்கப்பட்டு ஆண்டுக்குச் சில கூட்டங்களுக்கு வந்து போகும் நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்களும் அதற்குப் பொறுப்பாகிறார்கள். ஓய்வு பெற்ற வங்கியாளர், சட்டத்தரணி, பட்டயக் கணக்காளர், முன்னாள் துரை (தோட்ட முகாமையாளர்), பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று பலர் இப்படி அழைக்கப்படுகிறார்கள். மலையகத்திலிருந்து படித்து மேலே வந்தவர்களுக்கும் இனி இத்தகைய அழைப்புகள் வரும், வரவும் வேண்டும். அழைப்பை ஏற்பவர் எந்த நிபந்தனையில் ஏற்க வேண்டும், அவருக்கு எது பாதுகாப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நட்டஈட்டு வாக்குறுதியும் காப்புறுதியும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். தோட்டத்தில் நடப்பதைப் பார்க்கவும் கேட்கவும் எழுத்தில் பெற்ற உரிமையே அவருக்கு உண்மையான காப்பு. தொழிலாளருக்கும் அதுவே காப்பு என்பதால் இது கொழும்புச் சபையறைக்குள் முடிந்துவிடும் விஷயம் அல்ல.

லண்டனிலிருந்து கொழும்புக்கு

தோட்டத்தைக் காணாத சபை ஊவா மாகாணத்துக்குப் புதிதல்ல. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அக்காலத்தில் பதுளை மலைகளில் இருந்த பெரிய தோட்டங்கள் பலவற்றின் சொந்தக்காரர்கள் லண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகள். பணிப்பாளர்கள் அங்கே கூடினார்கள். இங்கே கொழும்பு ஏஜென்சி ஹவுஸ் கணக்குப் பார்த்தது. இடையில் விசிட்டிங் ஏஜென்ட் ஒருவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். சபையின் கண் அவர்தான். அவர் எழுதாதது சபைக்குத் தெரியாது.

அந்த நாளைய ஆங்கிலச் சட்டமும் இதைப் பெருங்குற்றமாகக் கருதவில்லை. 1892இல் தீர்ப்பான பியூட் பிரபு வழக்கு இதற்குப் பேர்போன சான்று. கார்டிஃப் சேமிப்பு வங்கியின் தலைவர் பதவி அவருக்கு ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையிடமிருந்து வந்தது. 38 ஆண்டுகளில் அவர் கலந்துகொண்டது ஒரே ஒரு சபைக் கூட்டம். வங்கியில் மோசடி நடந்து பணம் போனபோது, அவருக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரியாமல் இருந்ததே அவரைக் காப்பாற்றியது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2011இல் அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் தீர்த்த, சென்ட்ரோ என்ற கம்பனிக் குழுமம் பற்றிய வழக்கில், நூறு கோடி டொலருக்கும் மேற்பட்ட குறுங்காலக் கடன்கள் நீண்டகாலக் கடன்களாகக் காட்டப்பட்டிருந்தன. கணக்காய்வாளரும் கவனிக்கவில்லை. நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்கள் நிபுணரை நம்பினோம் என்றார்கள். கணக்கறிக்கையை வாசித்து, தமக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமையை வேறொருவர் தலையில் கட்ட முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. அறியாமை கேடயமாக இருந்த நிலை மாறி, அதுவே குற்றச்சாட்டாக நிற்கிறது.

1992இல் உருவான அமைப்பு

1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. ஜனவசம என அறியப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. நட்டம் பெருகியது. 1992இல் 20க்கும் மேற்பட்ட பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாகின. முதலில் முகாமை மட்டும் தனியாரிடம் போனது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பங்குகளும் விற்கப்பட்டன. பெரும்பான்மைப் பங்கான 51 வீதம் முதலீட்டாளருக்கும், 10 வீதம் இலவசமாக ஊழியருக்கும் என்பது வகுத்துக்கொண்ட முறை. காணி அரசிடமே உள்ளது. கம்பனிகளிடம் இருப்பது 2045இல் முடியும் 53 ஆண்டுக் குத்தகை.

பெயரை வைத்துத் தோட்டம் எங்கே என்று சொல்ல முடியாது என்பது இந்த அமைப்பின் ஒரு விசித்திரம். பலாங்கொடைப் பெருந்தோட்டக் கம்பனியின் ஸ்பிரிங்வெளி, தெல்பெத்த போன்ற தோட்டங்கள் பதுளையில் இருக்கின்றன. தம்பேதென்ன அகரபத்தனைக் கம்பனியின் கீழ் வந்தது. பெயர் ஒரு மாவட்டம், கொழுந்து இன்னொரு மாவட்டம், சபை கூடுவது கொழும்பில்.

அரசு தன் பிடியைப் பொற்பங்கு என்ற ஒரே பங்கின் மூலம் வைத்துக்கொண்டது. திறைசேரிச் செயலாளர் பெயரில் உள்ள அந்தப் பங்குக்குத் தனி உரிமைகள் உண்டு. குத்தகைக் காணியை உப குத்தகைக்கு விட அதன் இணக்கம் வேண்டும். இரண்டு வார எழுத்து அறிவித்தலோடு கம்பனியின் புத்தகங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 60 நாட்களுக்குள் விரிவான அறிக்கை கிடைக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை பணிப்பாளர் சபையைச் சந்திக்கக் கோரலாம். பங்குதாரர் ஒருவருக்கு, பார்க்கும் உரிமை இத்தனை துல்லியமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சபையிலேயே அமரும் வெளிப் பணிப்பாளரின் நியமனக் கடிதத்திலும் இதே துல்லியம் இருக்க வேண்டாமா?

சட்டம் வேறுபடுத்துவதில்லை

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் நிறைவேற்றுப் பணிப்பாளருக்கு ஒரு கடமை, வெளிப் பணிப்பாளருக்கு வேறொரு கடமை என்று பிரிக்கவில்லை. நியமனத்துக்கு முன் இருவரும் ஒரே சம்மதப் படிவத்தில், 18ஆம் படிவத்தில், கையொப்பமிடுகிறார்கள். 187ஆம் பிரிவின்படி கம்பனியின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு செயற்பட வேண்டும். 189ஆம் பிரிவு கண்மூடித்தனத்தையும் பாரதூரமான கவனயீனத்தையும் தடுக்கிறது. அவரவர் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற திறமையையும் கவனத்தையும் எதிர்பார்க்கிறது. பட்டயக் கணக்காளரிடம் கணக்கு பற்றியும், முன்னாள் துரையிடம் தோட்டம் பற்றியும் கூடுதலாகக் கேட்கப்படும் என்பது இதன் பொருள். எந்தத் தகைமைக்காக ஒருவர் அழைக்கப்படுகிறாரோ, அதே தகைமையே அவரை அளக்கும் கோலாகிறது.

190ஆம் பிரிவு மிக முக்கியமானது. ஊழியரும் நிபுணரும் தரும் தகவலைப் பணிப்பாளர் நம்பலாம். ஆனால் நல்லெண்ணத்தோடு நம்ப வேண்டும். சூழ்நிலை விசாரிக்கச் சொல்லும்போது விசாரித்திருக்க வேண்டும். நம்பக்கூடாது என்பதற்கான எதுவும் தெரிந்திருக்கக்கூடாது. வெளிப் பணிப்பாளருக்குச் சட்டம் தரும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே. அது கேள்வி கேட்டவருக்கு மட்டுமே கிடைக்கும்.

தொழிற் சட்டங்கள் இன்னும் நேரடியானவை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும் மறுமாத இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம். கம்பனி தவறினால், தமக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தடுக்க உரிய முயற்சி எடுத்தோம் என்று காட்டாதவரை பணிப்பாளர்களும் குற்றவாளிகளாகலாம் என்ற ஏற்பாடு இலங்கையின் தொழிற் சட்டங்களில் வழமையானது. முயற்சி எடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் பணிப்பாளரே. அதற்கு அவர் கையில் கூட்டக் குறிப்பு வேண்டும், கேட்ட கேள்வி வேண்டும், கிடைத்த பதில் வேண்டும்.

சபை மேசைக்கு வருவதும் வராததும்

பெருந்தோட்டக் கம்பனி ஒன்றின் சபைக்கு வழக்கமாக என்ன போகிறது? தோட்டவாரியாக உற்பத்தியான தேயிலை கிலோ எவ்வளவு, ஏல விற்பனைச் சராசரி எவ்வளவு, கிலோவுக்கு உற்பத்திச் செலவு எவ்வளவு, ஓர் ஆளுக்குச் சராசரிக் கொழுந்து எவ்வளவு. ஊவாவின் தரச் சீசனான ஜூலை முதல் செப்டெம்பர் வரை விலை ஏறும்; அப்போது பேச்சும் விலை பற்றியே ஓடும். தோட்டத்துத் துரை எழுதுவது பிராந்திய முகாமையாளருக்குப் போகும். அவர் சுருக்கியது தலைமை நிறைவேற்று அதிகாரிக்கு. அவர் சுருக்கியது சபைக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் எழும் முறைப்பாடு, அரை நாள் கூலிக்கான அரைப் பேர் போட்ட தகராறு, மழைக்கு வெடித்த லயத்துச் சுவர், இவையெல்லாம் இரண்டு சுருக்கங்களுக்குப் பிறகு ‘தொழில் உறவு திருப்திகரம்’ என்ற ஒரு வரியாகிவிடலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. குடும்பம் குடும்பமாக மக்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது அதன்பின் நாடெங்கும் பேசப்பட்டது. காணி அரசுடையது, நடத்துவது கம்பனி, வீடமைப்பு இன்னொரு அமைப்பின் பொறுப்பு, அனர்த்த முகாமை வேறொரு திணைக்களம் என்று அன்று எல்லோரும் எல்லோரையும் காட்டக்கூடிய நிலை இருந்தது. யாருடைய தவறு என்று தீர்ப்புக் கூறுவது இங்கு நோக்கமல்ல. வெளிப் பணிப்பாளர் ஒருவர் இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு. மலைச்சரிவு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தோட்டக் கந்தோருக்கு வந்தால் அது சபை மேசைக்கு வந்தே தீரும் என்ற விதி அவருடைய கம்பனியில் இருக்கிறதா? இல்லையென்றால், ‘சூழ்நிலை விசாரிக்கச் சொன்னது’ என்று பின்னொரு நாள் நீதிமன்றமோ ஆணைக்குழுவோ சுட்டிக்காட்டும்போது, ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்ற பதில் எவ்வளவு தூரம் நிற்கும்?

நட்டஈடும் காப்புறுதியும்

பதவியை ஏற்பவர்கள் முதலில் கேட்பது, ‘வழக்கு வந்தால் யார் செலவு?’ என்பது. கம்பனிகள் சட்டத்தின் 218ஆம் பிரிவு இதற்கு எல்லை வகுக்கிறது. கம்பனியின் அமைப்பு விதிகள் அனுமதித்தால், பணிப்பாளர் வென்ற வழக்கின் செலவைக் கம்பனி ஏற்கலாம். மூன்றாம் தரப்பாருக்கு அவர் செலுத்த நேர்வதையும் ஈடுசெய்யலாம். குற்றவியல் பொறுப்பை ஏற்க முடியாது. கம்பனியின் நலனுக்கு எதிராகத் தெரிந்தே நடந்ததற்கும் ஈடு கிடையாது. அதனால் நியமனக் கடிதத்தில் ‘முழு நட்டஈடு’ என்று எழுதியிருப்பதைக் கண்டு நிம்மதி கொள்ள வேண்டாம். அமைப்பு விதிகளில் அதற்கு இடமில்லையானால் அந்த வரி வெறும் மை.

பணிப்பாளர் பொறுப்புக் காப்புறுதியிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. இவ்வகைக் காப்புறுதி பெரும்பாலும், தவறு நடந்த ஆண்டை விட்டுவிட்டுக் கோரிக்கை எழும் ஆண்டைப் பார்க்கிறது. இன்று பதவி விலகி மூன்று வருடம் கழித்து வழக்கு வந்தால், அந்த நேரத்தில் காப்புறுதி நடைமுறையில் இருக்க வேண்டும். விலகிய பிறகும் சில ஆண்டுகளுக்குக் காப்பைத் தொடரும் கடப்பாட்டைக் கடிதத்தில் எழுதிப் பெற வேண்டும். தண்டப் பணம், வேண்டுமென்றே செய்த மோசடி, சுற்றாடல் சேதம், உடற்காயம் போன்றவை விலக்குப் பட்டியலில் இருப்பது வழக்கம். மலைச்சரிவும் தொழிற்சாலை விபத்தும் உள்ள தொழிலில் அந்தப் பட்டியலை வாசிக்காமல் கையொப்பமிடக்கூடாது.

இந்தியாவில் நிலை சற்று வேறு. 2009 ஜனவரியில் சத்யம் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானபின் சுயாதீனப் பணிப்பாளர்கள் பலர் பதவிகளைத் துறந்தார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, சபை நடைமுறை வழியாக அவர்கள் அறிந்து, சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்தவற்றுக்கும், அவர்கள் கவனம் தவறியவற்றுக்கும் மட்டுமே பொறுப்பு என்று வரம்பிட்டது. அதன் நான்காம் அட்டவணை, நியமனக் கடிதத்தில் பதவிக்காலம், கடமை, பொறுப்பு, காப்புறுதி, சன்மானம் ஆகியவற்றை எழுத வேண்டும் என்றும், அந்த நிபந்தனைகளைக் கம்பனி இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. நமது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிப் பணிப்பாளருக்கென அப்படியொரு தனி வரம்பு இல்லை. சட்டம் தராததைக் கடிதத்தில் பெறுவதுதான் வழி.

கடிதத்தில் எழுத வேண்டியவை

நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்கள் பற்றிப் பிரித்தானியாவில் 2003இல் வெளிவந்த ஹிக்ஸ் அறிக்கை மாதிரி நியமனக் கடிதம் ஒன்றை இணைத்திருந்தது. பதவிக்காலம், ஒதுக்க வேண்டிய நேரம், கட்டணம், வேறு பதவிகள், இரகசியம், கம்பனிச் செலவில் சுயாதீன ஆலோசனை, காப்புறுதி ஆகியவை அதில் உள்ளன. ஊவாத் தோட்டம் நடத்தும் கம்பனிக்கு இவற்றோடு வேறு சிலவும் தேவை.

முதலாவது, சுயாதீனம். பெருந்தோட்டக் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கு பெரும்பாலும் ஒரு முகாமைக் கம்பனியிடமோ குழுமத்திடமோ இருக்கிறது. அக்குழுமத்தின் அதிகாரி ஒருவர் தோட்டக் கம்பனிச் சபையில் அமர்ந்தால், நிறைவேற்று அதிகாரமற்றவர் என்ற பெயர் பொருந்தும். சுயாதீனமானவர் என்பது பொருந்தாது. முகாமைக் கட்டணம், குழுமத்துக்குள் விற்பனை, கடன் ஆகியவற்றில் அவருக்கு இரண்டு எசமானர்கள். 2023 ஒக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பங்குச் சந்தையின் புதிய ஆளுகை விதிகள், சபையில் குறைந்தது இருவர் அல்லது மூன்றிலொரு பங்கினர், இதில் எது கூடவோ அத்தனை பேர் சுயாதீனமாக இருக்கக் கோருகின்றன. தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் இருந்தவரின் சுயாதீனம் கேள்விக்குரியது. 70 வயதைத் தாண்டியவரை வைத்திருக்கக் கம்பனிச் சட்டப்படி பங்குதாரர் தீர்மானம் வேண்டும். எனவே காலத்தை மூன்று ஆண்டுகளாக வரையறுத்து, புதுப்பிப்பை மதிப்பீட்டோடு கட்டுவது இரு தரப்புக்கும் நல்லது.

இரண்டாவது, நியமித்தவருக்கான விசுவாசம். எடுத்துக்காட்டாக, தோட்டத் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அங்கம் வகிக்கின்றன. தொழிற்சங்கமோ திறைசேரியோ அனுப்பிய பணிப்பாளரும், அமர்ந்த பின் அந்த நிறுவனத்தின் நலனுக்கே கடமைப்பட்டவர். அனுப்பியவருக்கு எந்தத் தகவலைச் சொல்லலாம் என்று முன்கூட்டியே சபை எழுத்தில் தீர்மானிக்காவிட்டால், அவர் இரு பக்கத்திலும் துரோகியாகப் பார்க்கப்படுவார்.

மூன்றாவது, பார்க்கும் உரிமை. ஆண்டுக்கு இத்தனை நாள் தோட்டத்துக்குப் போகலாம், போகும் தோட்டத்தைத் தானே தெரிவு செய்யலாம், லயத்திலும் தொழிற்சாலையிலும் முகாமையாளர் கூட இல்லாமல் பேசலாம் என்று எழுதப்பட வேண்டும். சில ஆவணங்கள் கேட்காமலே சபைக்கு வர வேண்டும்: சேமலாப, நம்பிக்கைப் பொறுப்பு நிதி நிலுவை தோட்டவாரியாக, வழங்காத பணிக்கொடைப் பட்டியல், மலைச்சரிவு எச்சரிக்கைகள், தொழிற் திணைக்களக் கடிதங்கள், மரண, விபத்து அறிக்கைகள். தன் மாறுபட்ட கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதியும் உரிமையும், விலகினால் காரணத்தைச் சொல்லும் உரிமையும் இதில் சேரும்.

கணக்கு எச்சரிக்கும் இடம்

நிலுவைகளைத் தோட்டவாரியாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத் தொழிலாளிக்குப் பணிக்கொடை, சேவை ஆண்டுக்கு 14 நாட்சம்பளம். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 420 நாட்சம்பளம். நாளுக்கு 1,000 ரூபா என்றால் 420,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வந்ததுபோல் 1,350 ரூபா என்றால் 567,000 ரூபா. ஒருவருக்கே 147,000 ரூபா கூடுகிறது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் உள்ள கம்பனியின் கணக்கில் இந்தப் பாரம் ஒரே ஆண்டில் ஏறி நிற்கும். தேறிய சொத்து, குறிப்பிடப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே போனால், கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவின்படி தெரியவந்த 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரரின் விசேட கூட்டத்தைக் கூட்ட சபை அழைப்பு விடுக்க வேண்டும். கூட்டம் 40 வேலை நாட்களுக்குள் நடக்க வேண்டும். கடன் தீர்க்க முடியாத நிலை என்று நம்பினால் 219ஆம் பிரிவு உடனே சபையைக் கூட்டச் சொல்கிறது. தவறினால் பொறுப்பு பணிப்பாளரின் சொந்தப் பையைத் தேடி வரலாம். தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம் தங்குகிறது என்பதே பல வேளைகளில் இந்த ஆபத்தின் முதல் அறிகுறி.

ஓர் ஆட்சேபம் எழும். இத்தனை நிபந்தனை போட்டால் யார் அழைப்பார்கள்? வெளிப் பணிப்பாளர் தோட்டம் தோட்டமாகப் போனால் முகாமை யார் கையில்? இதில் ஓரளவு நியாயம் உண்டு. துரைக்குக் கட்டளையிடுவது வெளிப் பணிப்பாளரின் வேலை அல்ல. கண்டதைச் சபையில் சொல்வதோடு அவர் நின்றுகொள்ள வேண்டும் என்றும் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒருவரின் பெயரும் நற்பெயரும் மட்டும் வேண்டும், அவருடைய கேள்விகள் வேண்டாம் என்று நினைக்கும் கம்பனி, பியூட் பிரபு காலத்துச் சபையைத்தான் தேடுகிறது. அந்தப் பிரபுவைக் காப்பாற்றிய சட்டம் இன்று இல்லை.

அழைப்புக் கடிதம் கையில் கிடைத்தவர்களுக்கு, குறிப்பாக மலையகத்துப் படித்த தலைமுறைக்கு, ஒரு வேண்டுகோள். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கம்பனியின் அமைப்பு விதிகளையும், காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குப் பட்டியலையும், சேமலாப நிதி நிலுவைப் பட்டியலையும் கேளுங்கள். மூன்றும் கிடைத்தால் 18ஆம் படிவத்தில் கையொப்பமிடுங்கள். மூன்றில் ஒன்றைத் தர மறுத்தாலும், அந்தக் கதிரை உங்களுக்கு வேண்டாம்.